ஒடிந்த பட்டையில் சிப்பி வரி

அரியலூரை ஒட்டிய ஒரு சாலையோரப் பட்டறை. சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஒன்று, இடப்பக்கப் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, கட்டை முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தது. ஸ்பிரிங் செட்டிலிருந்து மெயின் பட்டை இரண்டு துண்டாக வெளியே வந்தது. மெக்கானிக் அதைப் பழைய இரும்புக் குவியலைப் பார்த்து வீசினார். நான் போய் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். பட்டையின் நடுவே சென்டர் போல்ட் நுழைய ஒரு துளை இருக்கும். சரியாக அந்தத் துளையின் குறுக்கேதான் ஒடிந்திருந்தது.

ஒடிந்த முகம் ஒரே மாதிரி இல்லை. துளையை ஒட்டிய பாதி கறுத்து வழவழப்பாக இருந்தது. அதில் ஒன்றன்பின் ஒன்றாக வளைந்த கோடுகள். மறுபாதி, உடைத்த கற்கண்டு மாதிரி சொரசொரவென்று பளபளத்தது. அந்த வளைகோடுகளை வேறெங்கோ பார்த்த நினைவு. எங்கே என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை ஓடைகளில் கால்வைத்தவர்களுக்கு அது பழகிய வடிவம்தான். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. மழை அரித்த செம்மண் மேடுகளில் இன்றும் சிப்பிகளும் அம்மோனைட் சுருள்களும் கிடைக்கின்றன. சிப்பியின் முதுகில், மூக்கிலிருந்து விளிம்பு வரை, ஒன்றையொன்று சூழ்ந்த வரிகள் ஓடும். என் கையிலிருந்த இரும்பிலும் அதே வரிகள். துளைதான் மூக்கு.

இதில் என் கற்பனை ஒன்றும் இல்லை. உலோகவியலாளர்களே இந்தக் கோடுகளைச் சிப்பி வரிகள் என்றுதான் அழைக்கிறார்கள். கடற்கரையில் அலை விட்டுப்போகும் ஈரக்கோடு போல இருப்பதால் கரை வரிகள் என்றும் சொல்வதுண்டு. பெயர் பொருந்துவதற்குக் காரணமும் இருக்கிறது. சிப்பி வளரும், நிற்கும், மறுபடி வளரும். ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு வரி. இரும்புக்குள் விரிசலும் அப்படியே. லாரி பாரத்தோடு ஓடும்போது கொஞ்சம் வளர்கிறது. வண்டி நிற்கும்போதோ பாரம் குறையும்போதோ தயங்குகிறது. திறந்த முகத்தில் காற்றும் ஈரமும் பட்டு நிறம் மாறுகிறது. மறுநாள் அங்கிருந்து மேலே. கறுத்த பாதி பல வாரங்களாக மெல்லத் திறந்தது. பளபளத்த பாதி, மிஞ்சியிருந்த இரும்பு தாங்க முடியாமல் ஒரே நொடியில் கிழிந்தது.

லாரி உரிமையாளருக்குச் சிப்பியில் அக்கறை இல்லை. அவருக்கு வேறு கேள்வி. “ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல மாத்துனது. ஒரே கம்பெனிப் பட்டை. வலது நல்லா இருக்கு, இது மட்டும் ஏன் ஒடிஞ்சுது?”

மெக்கானிக் நிமிராமலே சொன்னார்: “இடது பக்கம் ரோட்டு ஓரம். பள்ளத்துல எறங்கி ஏறுறது அதானே. யூ போல்ட் வேற லூசு.” ஒரு நிமிடம் விட்டு, “ரெண்டும் வலது பக்கமே போட்டிருந்தாலும் ஒண்ணாவா ஒடியும்?” என்றார்.

விமானப் பொறியாளர்களைக் கடந்த நூற்றாண்டில் தூங்கவிடாமல் செய்தது இந்த இரண்டாவது வாக்கியம்தான். ஒரே ஆலையில், ஒரே உலோகத்தில், ஒரே அளவில் செய்து, ஒரே பாரம் ஏற்றினாலும் இரண்டு துண்டுகள் ஒரே நாளில் ஒடிவதில்லை. ஒன்று மற்றதைவிட மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, சில சமயம் பத்து மடங்கு உழைக்கும். அப்படியானால் 150 பேரை ஏற்றிக்கொண்டு மேலே போகும் ஒரு இறக்கைக்கு எதை நம்பி உத்தரவாதம் கொடுப்பது?

விபத்து என்றால் இந்த ஊருக்கு 1956 நினைவுக்கு வரும். அந்த ஆண்டு நவம்பர் 23 விடியலில், வெள்ளம் புரண்ட மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அது ஒரு இரவின் பாரம். வழக்கத்தை மீறிய வெள்ளம் வந்தது, பாலம் தாங்கவில்லை. ஒடிந்த பட்டையின் கதை இதற்கு நேர்மாறானது. அதன்மேல் ஒருநாளும் தாங்கமுடியாத பாரம் ஏறவில்லை. ஒவ்வொரு நாளும் தாங்கக்கூடிய பாரம்தான் ஏறியது. தாங்கித் தாங்கியே ஒடிந்தது. உலோகச் சோர்வு என்பது இதைத்தான். மனிதனுக்கு உள்ளது போல உறங்கி எழுந்தால் தீரும் சோர்வு இல்லை இது. ஓய்வு கொடுத்தால் விரிசல் ஆறாது, வரி ஒன்று கூடும், அவ்வளவே.

இந்த இரண்டு வகைச் சாவையும் குழப்பிக்கொண்டதில் விமான உலகம் பெரிய விலை கொடுத்தது. அந்தக் கதையின் முதல் காட்சி இந்தியாவில்தான் நடந்தது. 1953 மே 2: ஜெட் விமானத்தில் பயணிகளை ஏற்றிச்செல்லும் சேவை உலகில் தொடங்கி அன்றோடு சரியாக ஓராண்டு. கல்கத்தா டம்டம் விமான நிலையத்திலிருந்து தில்லிக்குக் கிளம்பிய காமெட் ஜெட் ஒன்று, சில நிமிடங்களில் கோடை இடிமழைக்குள் புகுந்து, நடுவானில் சிதறி விழுந்தது. 43 பேர் இறந்தனர். புயல் காற்றின் உதறல்தான் காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. மருதையாறு போல ஒரு நேரத்துப் பாரம். அந்தச் சமயத்தில் அதை நம்பாமலிருக்கக் காரணமும் இல்லை.

அடுத்த ஆண்டு ஜனவரி 10-இல் இன்னொரு காமெட், இத்தாலியின் எல்பா தீவுக்கு அருகே, தெளிந்த வானத்தில் உடைந்து கடலில் விழுந்தது. 35 பேர். உலகின் முதல் ஜெட் பயணச் சேவையைப் பறந்து காட்டியது அதே விமானம்தான். காரணம் தெரியாமலே பல மாற்றங்களைச் செய்து, மார்ச்சில் மறுபடி பறக்கவிட்டார்கள். ஏப்ரல் 8-இல் மூன்றாவது காமெட் நேப்பிள்ஸ் பக்கம் விழுந்தது. 21 பேர். இந்த இரண்டு நாளிலும் புயல் இல்லை.

இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் இதற்குப் பிறகு நடந்த சோதனை, அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்தவற்றில் ஒன்று. ஒரு முழுக் காமெட்டின் உடலைப் பெரிய தொட்டிக்குள் வைத்தார்கள்; இறக்கைகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளேயும் வெளியேயும் தண்ணீர். உயரே பறக்கும்போது பயணிகள் மூச்சுவிடுவதற்காக விமானத்துக்குள் காற்றழுத்தம் கூட்டப்படுகிறது, தரையிறங்கும்போது குறைகிறது. அதாவது ஒவ்வொரு பறப்பிலும் உடல் ஒருமுறை பலூன் போல விம்மி அடங்குகிறது. அதை உடலுக்குள் தண்ணீரின் அழுத்தத்தை ஏற்றியிறக்கி நடித்துக்காட்டினார்கள். ஏன் தண்ணீர்? காற்றை அடைத்து அழுத்தினால், கிழியும் நொடியில் உள்ளிருக்கும் காற்று குண்டு போல வெடித்து எல்லாத் தடயத்தையும் சிதறடித்துவிடும். தண்ணீர் சுருங்காது, அதனால் விரியவும் விரியாது. கிழிசல் கிழிந்த இடத்திலேயே நிற்கும். ஜாக்கிகள் இறக்கைகளை மேலும் கீழும் வளைத்துக்கொண்டிருக்க, இரவும் பகலும் அந்த விமானம் நகராமலே பறந்தது. 1954 ஜூனில் உடல் கிழிந்தது.

அதற்கு முன் வானத்தில் 1,221 முறை, தொட்டிக்குள் 1,836 முறை. ஆக 3,057 பறப்புகள். எல்பா விமானம் 1,290 பறப்புகளில் விழுந்திருந்தது. நேப்பிள்ஸ் விமானம் வெறும் 900. மூன்றும் ஒரே அச்சு. லாரி உரிமையாளரின் கேள்வியை இந்த மூன்று எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நான்காவது எண்தான் வேடிக்கையானது. விமானத்தைச் செய்த நிறுவனம் சோதிக்காமல் விற்றுவிடவில்லை. உடலின் ஒரு பகுதியைத் தனியே எடுத்து அழுத்திப் பார்த்திருந்தார்கள். அது 16,000 முறைக்கு மேல் தாங்கியது. எப்படி? அந்தத் துண்டின் வலிமையை அறிய, அதற்கு முன்பே வழக்கமான அழுத்தத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஏற்றிப் பார்த்திருந்தார்கள். அந்த அதிக அழுத்தத்தில், இழுவிசை குவியும் மூலைகளில் உலோகம் சற்றே நிரந்தரமாக நீண்டுவிட்டது. அழுத்தம் நீங்கியதும் சுற்றியிருந்த உலோகம் அந்த மூலைகளை உள்நோக்கி நெருக்கியது. நெருக்கத்தில் இருக்கும் உலோகத்தில் விரிசல் வாய்திறக்காது. ஆக, சோதனைத் துண்டு பயிற்சி எடுத்த பயில்வானாகிவிட்டது. பயணிகளைச் சுமந்தவையோ அந்தப் பயிற்சி பெறாதவை. நல்லெண்ணத்தில் செய்த ஒரு சோதனை அடுத்த சோதனையைப் பொய்யாக்கியது. இதே தந்திரத்தைத் தெரிந்தே செய்வதும் உண்டு: லாரிப் பட்டைகளின் மேற்பரப்பைப் பொடி இரும்புக் குண்டுகளால் சரமாரியாக அடித்து, மேல்தோலை நெருக்கத்தில் வைத்து அனுப்புவார்கள்.

காமெட்டின் சதுர ஜன்னல்கள்தான் குற்றவாளி என்று ஒரு கதை பள்ளிக்கூடம் வரை பரவியிருக்கிறது. பாதிதான் உண்மை. எல்பா கடலடியிலிருந்து தூக்கிய கூரைத் துண்டில், விரிசல் பயணிகள் எட்டிப்பார்க்கும் ஜன்னலில் தொடங்கியிருக்கவில்லை. திசைகாட்டும் வானொலிக் கருவிக்காகக் கூரையில் வைத்திருந்த திறப்பின் மூலையருகே, ஒரு துளையிலிருந்து கிளம்பியிருந்தது. மறுபடியும் துளை. ஒரு தகட்டை இழுக்கும்போது அதில் வட்டத் துளை இருந்தால், துளையின் விளிம்பில் இழுவிசை மூன்று மடங்காகிறது என்று கிர்ஷ் என்ற ஜெர்மானியர் 1898-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். துளையின் அளவு முக்கியமே இல்லை என்பதுதான் அதில் வியப்பு: அகலமான தகட்டில் குண்டூசித் துளைக்கும் மூன்று மடங்கு, கட்டைவிரல் துளைக்கும் மூன்று மடங்கு. ஒரு பயணிகள் விமானத்தில் ரிவெட்டுக்காகப் போடும் துளைகள் லட்சக்கணக்கில்.

விமானங்களுக்கு முன்பே சோர்வை எண்ணத் தொடங்கியவர்கள் ரயில்காரர்கள். 1842-இல் பாரிஸுக்கும் வெர்சாய்க்கும் நடுவே ஒரு எஞ்சினின் அச்சு முறிந்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஓடும் சக்கரத்தின் அச்சில் எந்தப் புள்ளியும் ஒரு சுற்றுக்கு ஒருமுறை மேலே வரும்போது ஒரு விதமாகவும், கீழே போகும்போது அதற்கு எதிராகவும் வளைகிறது. பிரஷ்ய ரயில்வேயின் ஆகஸ்ட் வோலர் என்ற பொறியாளர், அச்சுகளைச் சுழற்றி ஒடித்து எண்ணிக்கொண்டே பல ஆண்டுகளைக் கழித்தார். பாரத்தைக் குறைத்தால் ஆயுள் எவ்வளவு கூடுகிறது என்று காட்டும், அவர் பெயர் தாங்கிய வளைகோடு அந்த எண்களிலிருந்து வந்தது. நம் சிமெண்ட் ஆலைச் சூளைகளும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. நிமிடத்துக்கு நான்கு சுற்று என்று வைத்தாலே அந்த இரும்புக் குழல் ஆண்டுக்கு 20 லட்சம் முறை வளைந்து நிமிர்கிறது. ஆனால் வோலரின் கோடு என்பது உண்மையில் கோடே இல்லை. சிதறிய புள்ளிகளுக்கு நடுவே கண்ணால் பார்த்து இழுத்தது. அந்தச் சிதறலைக் குறையாகப் பார்க்காமல், அதையே ஆராய வேண்டிய பொருளாக எடுத்துக்கொண்டவர் ஸ்வீடனைச் சேர்ந்த வலோடி வைபுல்.

வைபுலின் யோசனையைச் சங்கிலியை வைத்துச் சொல்லிவிடலாம். நூறு கண்ணி உள்ள சங்கிலியின் பலம், நூறு கண்ணிகளின் சராசரிப் பலம் அல்ல. அவற்றில் எது நோஞ்சானோ அதன் பலம்தான். எனவே ஒரு பொருள் எப்போது ஒடியும் என்பது, அதற்குள் ஒளிந்திருக்கும் மிக மோசமான குறை எவ்வளவு மோசம் என்பதைப் பொறுத்தது. அது துண்டுக்குத் துண்டு சீட்டுக் குலுக்கல் மாதிரி மாறும். 1939-இல் தொடங்கி, 1951-இல் அமெரிக்கப் பொறியியல் ஆய்விதழ் ஒன்றில் இதற்கான சூத்திரத்தை அவர் விரித்து எழுதினார். அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டிய பொருள்களின் பட்டியலைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எஃகின் வலிமை, எஃகின் சோர்வு ஆயுள், அவரை விதைகளின் அகலம், பிரிட்டிஷ் தீவுகளில் பிறந்த ஆண்களின் உயரம், சாம்பல் துகள்களின் அளவு, இந்தியப் பருத்தி இழையின் வலிமை. பருத்தி விளையும் பெரம்பலூரும், அனல்மின் நிலையச் சாம்பலைச் சிமெண்ட்டில் கலக்கும் அரியலூரும் ஒரே கட்டுரையில், விமான இறக்கையின் தலையெழுத்தைச் சொல்லும் சூத்திரத்துக்குச் சாட்சியாக வந்துவிட்டன.

சூத்திரத்தை எழுதிப் பயமுறுத்த விரும்பவில்லை. ஆனால் அது தரும் எண்களை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். விமான அலுமினியத்தின் சோர்வுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் சிதறல் அளவில், ஒரு பாகத்தின் ஆயுளை 1 லட்சம் பறப்பு என்று குறிப்போம். அதுவரை போனால் நூறில் 63 பாகங்கள் விரிந்திருக்கும். பாதித் தூரத்தில், 50,000 பறப்பில், நூறில் ஆறு விரிந்திருக்கும். 20,000-இல், பத்தாயிரத்துக்குப் பதினாறு. 10,000-இல், பத்தாயிரத்துக்கு ஒன்று. காலத்தைப் பாதியாக்கினால் ஆபத்து ஏறக்குறைய பதினாறில் ஒன்றாகச் சரிகிறது. ஆனாலும் சுழியைத் தொடவே தொடாது. எத்தனை சீக்கிரம் என்று நீங்கள் சொன்னாலும், அதற்குள் ஒடியும் ஒரு நோஞ்சான் எங்கோ இருக்கிறது.

இப்போது சங்கிலிக்குத் திரும்புவோம். ஒரே மாதிரியான ஆயிரம் துளைகள் வரிசையாக இருந்தால், அவற்றில் முதலாவதாக விரியும் துளையின் ஆயுள் என்ன? இதே கணக்கில், தனித்துளையின் ஆயுளில் ஐந்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. துளைகள் எதிலும் புதிதாக ஒரு கோளாறும் இல்லை. எண்ணிக்கை கூடியது, அதுவே கோளாறு.

அதனால் ஆரம்பத்தில் பொறியாளர்கள் ஒரு முரட்டு வழியைப் பிடித்தார்கள்: சோதனையில் தாங்கிய காலத்தை ஐந்தால் வகு, அந்தக் காலம் முடிந்ததும் பாகத்தைக் கழற்றி எறி. பாதுகாப்பானதுதான், ஆனால் படுசெலவு. மேலே சொன்ன கணக்குப்படி, பதினாறு நோஞ்சான்களுக்குப் பயந்து 9,984 நல்ல பாகங்களைத் தூக்கிப்போடுகிறோம். அதுவும் முழுக் காப்பு இல்லை. 1969-இல் அமெரிக்க விமானப்படையின் எஃப்-111 ஒன்று, நூற்றுச் சொச்சம் மணி நேரமே பறந்த புதிய விமானம், இறக்கை முறிந்து விழுந்தது. இறக்கையைத் தாங்கும் எஃகுப் பாகத்தில், ஆலையிலேயே ஒரு கீறல் இருந்திருக்கிறது. அதை யாரும் பார்க்கவில்லை. பிறக்கும்போதே நோயோடு பிறந்த பாகத்துக்கு ஆயுள் கணக்குப் போட்டு என்ன பயன்?

அங்கேதான் கேள்வியே மாறியது. விரிசல் இல்லை என்று நினைத்துத் தொடங்காதே. ஒவ்வொரு துளையிலும் ஏற்கெனவே ஒரு விரிசல் இருக்கிறது என்றே வைத்துக்கொள். அது எவ்வளவு வேகமாக வளரும்? எந்த அளவை எட்டினால் கண்ணில் படும்? எந்த அளவை எட்டினால் உயிரை வாங்கும்? கண்ணில் படும் நாளுக்கும் உயிரை வாங்கும் நாளுக்கும் நடுவே எத்தனை பறப்பு? அதற்குள் குறைந்தது இரண்டு முறையாவது பார்த்துவிடு. எப்போது ஒடியும் என்ற கேள்வி, அடுத்து எப்போது பார்ப்பது என்றாகிவிட்டது. 1978-இலிருந்து பயணிகள் விமானங்களுக்கும் இதுவே சட்டம்.

விரிசலின் வேகத்துக்கு எளிய விதியைக் கண்டவர் பால் பாரிஸ் என்ற இளம் அமெரிக்கர். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை முன்னணி ஆய்விதழ்கள் மூன்று திருப்பியனுப்பின; கடைசியில் 1961-இல் ஒரு பல்கலைக்கழகத்தின் சிறு இதழில்தான் அச்சேறியது. இன்று விமானங்களின் விரிசல் கணக்குக்கு அந்த விதிதான் அடிப்படை. விதியின் சாரம், வளர்ச்சி பாரத்தின் கன மடங்கில், சில உலோகங்களில் அதற்கும் மேலே, கூடுகிறது என்பது. பாரத்தைக் கால் பங்கு கூட்டினால் விரிசல் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். சுண்ணாம்புக்கல்லைக் கூம்பாகக் குவித்து ஏற்றும் டிப்பர் உரிமையாளர்களுக்கு இதைச் சொல்லிப் பார்த்தேன். வாடகை டன் கணக்கில்தான் வருகிறது, பட்டை விலை தனிக் கணக்கு என்றார்கள். அவர்கள் போடும் கணக்கும் நிகழ்தகவுக் கணக்குதான். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரை அதில் சேர்க்காததுதான் குறை.

இந்த விதியில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. விரிசல் நீளமாக ஆக வேகம் கூடுகிறது. தன் வாழ்நாளில் பெரும்பகுதியை அது கண்ணுக்குத் தெரியாத சிறுவயதிலேயே கழித்துவிடுகிறது. கண்ணில் படும்போது கிழப்பருவம். பார்ப்பவருக்குக் கிடைக்கும் அவகாசம் அந்தக் கடைசிப் பகுதி மட்டும்தான்.

பார்ப்பவரும் மனிதர். எனவே பார்வைக்கும் நிகழ்தகவு உண்டு. தெரிந்தே விரிசல் வைத்த தகடுகளைப் பல பரிசோதகர்களிடம் கொடுத்து, எந்த அளவு விரிசலை எத்தனை பேர் பிடிக்கிறார்கள் என்று எண்ணுகிறார்கள். நூறில் தொண்ணூறு முறை பிடிபடும் அளவு எதுவோ அதைத்தான் கணக்கில் சேர்ப்பார்கள். மிகச் சிறந்த கண் கண்டுபிடித்த மிகச் சிறிய விரிசலை யாரும் மதிப்பதில்லை. ஒரு பார்வையில் பத்தில் ஒன்று தப்பும். இரண்டு பார்வையில் நூறில் ஒன்று. மூன்றில், ஆயிரத்தில் ஒன்று. பெருக்கல் வாய்ப்பாடு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு: ஒரு பார்வைக்கும் மறு பார்வைக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. அதே ஆள், அதே மங்கல் விளக்கு, அதே அதிகாலை மூன்று மணி என்றால், முதல்முறை தப்பியது இரண்டாம் முறையும் தப்பும். அப்போது மூன்று பார்வை என்பது ஒரே பார்வையை மூன்றுமுறை பதிவேட்டில் எழுதியது மட்டுமே.

1988 ஏப்ரல் 28-இல் ஹவாய்த் தீவுகளில் நடந்தது அதுபோன்ற ஒரு பாடம். அலோஹா நிறுவனத்தின் போயிங் 737. வயது 19. தீவுக்குத் தீவு டவுன் பஸ் மாதிரி தாவியதில் 89,680 பறப்புகளை முடித்திருந்தது. நடுவானில் முன்பகுதிக் கூரை சுமார் ஐந்தரை மீட்டர் நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. விமானப் பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு இறந்தார். மற்றவர்களோடு விமானம் தரையிறங்கியதே அதிசயம். உப்புக்காற்றில் தகடுகளின் ஒட்டு விட்டுப்போய், ரிவெட் வரிசையில் துளைக்கொரு குட்டி விரிசலாக வளர்ந்து, எல்லாம் ஒரே சமயத்தில் கைகோத்துவிட்டன. ஒவ்வொன்றும் தனியாக இருந்திருந்தால் தாங்கியிருக்கும். ஒன்று போனால் பக்கத்துத் துளை தாங்கும் என்று போட்ட கணக்கில், பக்கத்துத் துளைக்கும் அதே வயது, அதே உப்பு, அதே நோய் என்பது விட்டுப்போயிருந்தது. விசாரணை அறிக்கையில் இன்னொரு தகவலும் உண்டு. ஏறும்போதே ஒரு பயணி கதவருகே தகட்டில் நீளமான விரிசலைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

எவ்வளவு ஆபத்தை ஏற்கலாம் என்பதற்கும் எண் இருக்கிறது. அமெரிக்க விமானப்படை, உடற்கட்டு முறிந்து விமானத்தை இழக்கும் வாய்ப்பு ஒரு பறப்புக்குக் கோடியில் ஒன்றுக்குள் இருந்தால் நிம்மதி என்கிறது. லட்சத்தில் ஒன்றைத் தாண்டினால் பறக்கவே கூடாது என்கிறது. கோடியில் ஒன்று எவ்வளவு சிறியது? தினம் ஐந்து முறை பறக்கும் ஒரு விமானம் ஒரு கோடி பறப்பை முடிக்க ஏறக்குறைய 5,500 ஆண்டுகள் ஆகும். அதே மாதிரி ஆயிரம் விமானங்கள் இருந்தால் ஐந்தரை ஆண்டில் முடித்துவிடும். எண் மாறவில்லை, யாருடைய இருக்கையிலிருந்து பார்க்கிறோம் என்பதுதான் மாறியது. சன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது இல்லாத ஆபத்து. ஆயிரம் விமானங்களுக்குப் பொறுப்பானவருக்கு அது நாட்காட்டியில் தேதி குறிக்காத ஒரு நாள்.

நம் நாட்டில் இந்தத் துறைக்கு முதுகெலும்பாக இருந்தவர்களில் ஒருவர் எஸ்.ஆர். வள்ளூரி. அமெரிக்காவில் கால்டெக்கில் உலோகச் சோர்வை ஆராய்ந்துவிட்டுத் திரும்பி, 1965-இலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெங்களூர் தேசிய விமானவியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தார். அந்த ஆய்வகத்தில் முழு விமானத்தையே இரும்புச் சட்டத்துக்குள் கட்டிப்போட்டு, எங்கும் ஜாக்கிகளைப் பொருத்தி, பல்லாண்டுப் பறப்பைச் சில மாதங்களுக்குள் சுருக்கி அனுபவிக்கவைக்கிறார்கள். ஏறுதல், திரும்புதல், காற்றின் உதறல், இறங்குதல் எல்லாம் கணினி சொல்லும் வரிசையில். பாலங்களுக்கும் கடல்மேடைகளுக்கும் அதே வேலையைச் சென்னைத் தரமணியில் இருக்கும் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் செய்கிறது. சட்டத்துக்குள் கிடக்கும் அந்த விமானம் ஒருநாளும் பறக்காது. பறப்பவற்றைவிட எப்போதும் சில மடங்கு முதுமையாக அதை வைத்திருப்பார்கள். எங்கே விரிசல் வரும் என்பதை அது முன்னதாகவே படுத்துக்கொண்டு சொல்லிவிடும்.

பட்டறையில் மெயின் பட்டைக்குப் புதியது வந்துவிட்டது. உரிமையாளர் அதோடு மாட்டிவிடச் சொன்னார். மாலை லோடு இருக்கிறதாம். மெக்கானிக் கேட்கவில்லை. செட்டில் இரண்டாவதாக இருந்த பட்டையைத் தனியே எடுத்தார். கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, சென்டர் போல்ட் துளையைச் சுற்றி மண்ணெண்ணெயைத் தடவி ஊறவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். பிறகு துணியால் ஈரம் தெரியாமல் துடைத்தார். ஒரு சாக்பீஸை உடைத்துப் பொடியாக்கி அந்த இடத்தில் பூசினார். விரிசல் இருந்தால் உள்ளே ஒளிந்திருக்கும் எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பொடியில் முடி போலக் கறுப்புக் கோடு போடும். ஒரு காலத்தில் ரயில் அச்சுகளை எண்ணெயும் சுண்ணாம்புப் பொடியும் கொண்டு சோதித்த முறை இதுதான். சுண்ணாம்பு எதிலிருந்து வந்தது என்று கேட்டால், இந்த ஊரில் பதில் காலடியிலேயே கிடக்கிறது: பழைய கடலின் சிப்பிகளிலிருந்து.

“என்னண்ணே, கோடு தெரியுதா?” என்றேன்.

“அவசரப்படாதீங்க சார். பத்து நிமிஷம் ஆவட்டும்.”

மூவரும் குனிந்து அந்த வெள்ளை வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.